விக்டோரியா கால இங்கிலாந்தில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு கிராமப் பள்ளிக்கூடம் தொடங்கியது எப்படி: முழுமையான வழிகாட்டி

இங்கிலாந்தில் வார்விக்‌ஷயரில் பார்ஃபர்டு என்று ஒரு கிராமம். அங்கே ஜோசப் ஆர்ச் என்ற பையன் ஆறு வயதில் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தான், ஒன்பது வயதில் நின்றுவிட்டான். விதைத்த வயலில் காக்காய் ஓட்டும் வேலை கிடைத்திருந்தது. நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் வயலில் நிற்க வேண்டும், கூலி 4 பென்ஸ். அவன் பிறந்தது 1826-ல். அவன் வயலுக்குப் போன இரண்டொரு ஆண்டில், 1837-ல், விக்டோரியா அரியணை ஏறினார்.

அந்த 4 பென்ஸை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் கிராமப் பள்ளிக்கூடம் தொடங்கிய ஒவ்வொருவரும் கடைசியில் அந்தக் காசோடுதான் மல்லுக்கட்டினார்கள். நிலம் கிடைத்தது, கட்டடம் எழுந்தது, மணிகூட மாட்டியாகிவிட்டது. ஆனால் பிள்ளை வயலில் நிற்கிறான். பள்ளிக்கூடத்தைத் திறப்பது ஒரு வேலை, பிள்ளையை வயலிலிருந்து கூட்டி வருவது வேறு வேலை. இரண்டாவதுதான் பெரிது என்பது என் எண்ணம். அதனால் இந்த வழிகாட்டியில் கட்டடத்தைவிட அதற்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

1844-ல் தென் இங்கிலாந்தில் ஒரு கிராமத்துக்கு நீங்கள் பாதிரியாராகப் போயிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். படிப்படியாகப் பார்க்கலாம். அதற்கு முன் காசுக் கணக்கு: 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு.

முதல் படி: ஊரைப் படியுங்கள்

வந்தவுடன் செங்கல்லுக்கு அலையாதீர்கள். ஊரில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் இரண்டு இருக்கும். ஒன்று, வயதான அம்மா ஒருவர் தன் வீட்டு அடுப்படியில் பத்துப் பிள்ளைகளை உட்கார வைத்து, வாரம் சில காசு வாங்கிக்கொண்டு எழுத்தும் தையலும் சொல்லிக்கொடுக்கும் வீட்டுப் பள்ளி. இன்னொன்று ஞாயிறு பள்ளி. 1780-ல் குளோஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ் தொடங்கியதிலிருந்து நாடு முழுக்கப் பரவியது அது. அங்கே பைபிள் வாசிக்கச் சொல்லித் தருவார்கள். எழுதக் கற்றுக்கொடுப்பது பல இடங்களில் கிடையாது.

நிலைமை எப்படி இருந்தது என்று அறியக் கல்யாணப் பதிவேட்டைப் புரட்டினால் போதும். 1840-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் மாப்பிள்ளைகளில் மூன்றில் ஒருவர் தன் பெயரை எழுதத் தெரியாமல் ஒரு சிலுவைக் குறி போட்டார். பெண்களில் பாதிப் பேர் அப்படி. உங்கள் கோயில் பதிவேட்டிலும் அந்தக் குறிகள் இருக்கும். ஆதரவு திரட்டப் போகும்போது அதைக் கையோடு எடுத்துப் போங்கள்.

அடுத்து மூன்று தரப்பைச் சரிக்கட்ட வேண்டும். ஊரின் பெரிய நிலக்காரர், அவரிடம் குத்தகைக்கு நிலம் வாங்கிப் பயிரிடும் பண்ணைக்காரர்கள், பண்ணைகளில் கூலிக்கு உழைக்கும் பெற்றோர்கள். நிலக்காரர் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார், அவருக்கு அது பெருமை. பண்ணைக்காரர்தான் முரண்டு பிடிப்பார். படித்த பையன் கலப்பை பிடிப்பானா என்பது அவர் கேள்வி. இது கிராமத்து மூடர்களின் பேச்சு என்று ஒதுக்க முடியாது. 1807-ல் ஊர்ப் பள்ளிகளுக்கான மசோதா ஒன்றை சாமுவேல் விட்பிரெட் நாடாளுமன்றத்தில் கொண்டுவந்தபோது, டேவிஸ் கிடி என்ற உறுப்பினர் எழுந்து இதையேதான் சொன்னார்: ஏழைகளுக்குப் படிப்பு கொடுத்தால் தங்கள் நிலையை வெறுக்கக் கற்றுக்கொள்வார்கள், நல்ல வேலைக்காரர்களாக இருக்க மாட்டார்கள் என்று. அந்த மசோதா சட்டமாகவில்லை. விக்டோரியா காலத்திலும் பண்ணை வீடுகளில் அந்தப் பேச்சு ஓயவில்லை.

இரண்டாம் படி: எந்தச் சங்கத்தோடு சேர்வது?

தனியாக நின்று பள்ளி நடத்துவது கடினம். பணமும் புத்தகமும் பயிற்சி பெற்ற ஆசிரியரும் இரண்டு பெரிய சங்கங்களின் கையில் இருந்தன. 1811-ல் தொடங்கிய தேசியச் சங்கம் இங்கிலாந்து திருச்சபையுடையது. பிரிட்டிஷ் அண்டு ஃபாரின் ஸ்கூல் சொசைட்டி, ஜோசப் லங்காஸ்டர் லண்டனில் பரோ ரோட்டில் நடத்திய பள்ளியிலிருந்து வளர்ந்தது. அங்கே பைபிள் உண்டு, ஆனால் எந்த ஒரு சபையின் ஞானோபதேசமும், அதாவது அந்தச் சபைக்கே உரிய மதப்பாடமும், கிடையாது. மெதடிஸ்ட், பாப்டிஸ்ட் போன்ற சபைக்காரர்களுக்கு இரண்டாவதுதான் தோது.

நீங்கள் திருச்சபைப் பாதிரியார், ஆகவே தேசியச் சங்கம். நாட்டுப்புறத்தில் பெரும்பாலான பள்ளிகள் இப்படித்தான் எழுந்தன. ஆனால் ஒன்றை மறக்காதீர்கள். சங்கத்தோடு இணைந்தால் பிள்ளைகளுக்குத் திருச்சபையின் ஞானோபதேசம் சொல்லித்தர வேண்டும், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் வரச் சொல்ல வேண்டும். ஊரில் மெதடிஸ்ட் குடும்பங்கள் பத்து இருந்தால், அந்தப் பிள்ளைகளுக்கு நடந்து போகும் தூரத்தில் வேறு பள்ளி இருக்காது. அவர்களை எப்படி நடத்துகிறீர்கள் என்பதை வைத்துத்தான் உங்கள் பள்ளி ஊர்ப் பள்ளியா, உங்கள் கூட்டத்துப் பள்ளியா என்று தெரியும். நல்ல பாதிரியார்கள் அந்த வீட்டுப் பிள்ளைகளை ஞானோபதேச நேரத்தில் வெளியே விட்டார்கள். மற்றவர்களை அப்படிச் செய்ய வைக்க 1870-ன் சட்டம் தேவைப்பட்டது.

மூன்றாம் படி: நிலம்

இங்கே உங்களுக்கு அதிர்ஷ்டம். மூன்று வருடம் முன்புதான், 1841-ல், பள்ளி மனைச் சட்டம் வந்திருக்கிறது. பரம்பரைச் சொத்தைப் பிரித்துக் கொடுக்க முடியாமல் கட்டுண்டிருந்த நிலக்காரரும் ஏழைகளின் கல்விக்காக ஒரு ஏக்கர் வரை தானம் செய்யலாம் என்றது அது. பள்ளிக்கூடம் மட்டுமல்ல, ஆசிரியர் குடியிருக்கும் வீடும் அதில் அடங்கும்.

பத்திரத்தில் ஒரு வரியைக் கவனித்துப் படிக்க வேண்டும். அந்த இடம் பள்ளிக்காகப் பயன்படாமல் போனால், எந்தப் பண்ணை நிலத்திலிருந்து பிரித்துக் கொடுக்கப்பட்டதோ அதனோடு திரும்பச் சேர்ந்துவிடும். கொடுப்பவருக்கு மனம் வருவதற்கு இந்த நிபந்தனை உதவியது. ஆனால் நூறு வருடம் கழித்துப் பள்ளிகள் மூடப்பட்டபோது, வாரிசு யார், இடம் யாருக்கு என்று தீராத வழக்குகள் வந்தன. அதைச் சீர்செய்ய 1987-ல் தனியாக ஒரு சட்டம் போட வேண்டியிருந்தது.

பத்திரத்தில் பள்ளியை நிர்வகிக்கப் போகிறவர்கள் யார் என்றும் எழுத வேண்டும். பாதிரியார், நிலக்காரர், வருடச் சந்தா கட்டும் சிலர் என்பதுதான் வழக்கம். பிள்ளையைப் பெற்ற கூலிக்காரருக்கு அந்தக் குழுவில் இடம் இருக்காது. எனக்கு இது உறுத்துகிறது. எவருக்காகப் பள்ளி எழுந்ததோ, அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நான்காம் படி: பணம்

அரசாங்கம் முதன்முதலில் பள்ளிக் கட்டடத்துக்குப் பணம் ஒதுக்கியது 1833-ல், 20,000 பவுண்டு. செலவில் பாதியை ஊரார் திரட்டியிருந்தால்தான் மீதிக்கு உதவி, அதுவும் இரண்டு சங்கங்களின் வழியாகத்தான். நானூறு பிள்ளைகளுக்குக் குறையாத பெரிய ஊர்களுக்கே முன்னுரிமை என்றும் விதி வைத்தார்கள். ஒரு கிராமத்தில் நானூறு பிள்ளைகளுக்கு எங்கே போவது? ஆக முதல் சில வருடம் பணம் நகரங்களுக்கே போனது. 1839-ல் கல்விக்கென்று அரசின் குழு ஒன்று அமைந்து, ஜேம்ஸ் கே அதன் செயலாளரானார். பின்னால் கே-ஷட்டில்வொர்த் என்று அறியப்பட்டவர் இவர்தான். அதன்பிறகு கிராமங்களுக்கும் வழி திறந்தது. கூடவே ஒரு நிபந்தனை: பணம் வாங்கினால் அரசின் ஆய்வாளர் வந்து பார்ப்பார்.

சரி, உங்கள் பங்கை எப்படித் திரட்டுவது? சந்தாப் பட்டியல் ஒன்று எழுதுங்கள். முதல் வரியில் நிலக்காரர் பெயரும் தொகையும் இருக்கட்டும். மொய் நோட்டில் முதல் பெயர் பெரிதாக இருந்தால் அடுத்தவர்கள் அதைப் பார்த்து எழுதுவார்கள் என்பது நமக்குத் தெரியாததா? பிறகு உங்கள் சொந்தப் பணம். பெரும்பாலான கிராமப் பள்ளிகளில் பாதிரியாரின் பெயர்தான் கனமான தொகையோடு இருந்தது. காசு கொடுக்க மனமில்லாத பண்ணைக்காரரிடம் வண்டியும் குதிரையும் கேளுங்கள். கல்லும் மணலும் ஏற்றி வந்து இறக்கினால் அதுவும் பெரிய பங்குதான், தன் கையால் சுமந்த பள்ளியை அவர் பிறகு அவ்வளவு எளிதில் எதிர்க்கவும் மாட்டார்.

ஐந்தாம் படி: கட்டடம்

அரசின் குழு மாதிரி வரைபடங்களை அச்சிட்டே கொடுத்தது, அவற்றைப் பார்த்துக் கட்டலாம். பக்கத்தில் எந்தக் கல் கிடைக்கிறதோ அதுதான் சுவர். சுண்ணாம்புப் பூமியில் சிக்கிமுக்கிக் கல், களிமண் பூமியில் செங்கல். ஒரு நீண்ட அறை, ஒரு முனையில் கணப்பு, சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்படியாக உயரும் பலகை இருக்கை, கூரை உச்சியில் ஒரு மணி. ஜன்னலை உயரத்தில் வைப்பார்கள். வெளிச்சம் வர வேண்டும், பிள்ளை வெளியே பார்க்கக் கூடாது. ஆண்பிள்ளைக்கும் பெண்பிள்ளைக்கும் தனித்தனி வாசல். தொடக்க காலத்தில் ஒரு பிள்ளைக்கு ஆறு சதுர அடி போதும் என்று கணக்குப் போட்டார்கள், அதாவது மூன்றடிக்கு இரண்டடி. ஒரு கோரைப்பாயை விரித்தால் அதில் மூன்று பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கழிப்பிடத்தை மறந்துவிடாதீர்கள். டார்செட்டில் ஃபோர்டிங்டன் பாதிரியார் ஹென்றி மௌல், காலராக் கொடுமையைக் கண்ணால் பார்த்தவர். தண்ணீருக்குப் பதில் காய்ந்த மண்ணைப் போட்டு மூடும் மண் கழிப்பறையை உருவாக்கி 1860-ல் காப்புரிமை வாங்கினார். அதன்பிறகு எத்தனையோ கிராமப் பள்ளிகளின் கொல்லையில் அது நின்றது.

ஆறாம் படி: ஆசிரியர், மணல், சட்டாம்பிள்ளை

இங்கே நம் ஊர்க் கதை ஒன்று குறுக்கே வருகிறது. இதைச் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை.

1789-ல் சென்னை எழும்பூரில், படைவீரர்களின் ஆண் பிள்ளைகளுக்கான அனாதை இல்லத்துக்கு ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் கண்காணிப்பாளரானார். ஒருநாள் காலையில் குதிரையில் போகும்போது ஒரு திண்ணைப் பள்ளிக்கூடத்தைக் கடந்தார். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து, பரப்பிய மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். காகிதம் வேண்டாம், மை வேண்டாம், தப்பானால் கையால் தடவி அழித்துவிட்டு மறுபடி எழுதலாம். இதை நம் பள்ளியிலும் செய்யலாமே என்று ஓடினார். அங்கிருந்த ஆசிரியர்கள் மறுத்தார்கள். அப்போது அவர் ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனை அழைத்து, சின்னப் பிள்ளைகளுக்கு நீ சொல்லிக்கொடு என்றார். பையன் சொல்லிக்கொடுத்தான், பிள்ளைகளும் கற்றுக்கொண்டார்கள்.

பெல் இங்கிலாந்து திரும்பி 1797-ல் இதை ஒரு சிறு நூலாக எழுதினார். தேசியச் சங்கம் இந்த முறையைத்தான் தன் பள்ளிகளில் பரப்பியது. அதற்கு இங்கிலாந்தில் மெட்ராஸ் முறை என்றே பெயர். மூத்த பிள்ளை இளைய பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை செய்த வேலைதான். நாம் ஏடு தொடங்கும்போது குழந்தையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுத வைக்கிறோமே, அந்தக் கைப்பழக்கத்தின் ஒரு கிளை இங்கிலாந்துக் கிராமத்து மணல் தட்டு வரை போயிருக்கிறது.

ஆனால் 1844-ல் உங்கள் பள்ளிக்கு இது மட்டும் போதாது. மணல் போய்ச் சிலேட்டும் பலப்பமும் வந்துவிட்டன. ஒன்பது வயதுச் சட்டாம்பிள்ளை எழுத்துக் கற்பிக்கலாம், ஆனால் பிள்ளை ஏன் என்று கேட்டால் அவனிடம் பதில் இருக்காது. ஆய்வாளர்களும் இதையே எழுதினார்கள். 1846-ல் கே-ஷட்டில்வொர்த் புதிய ஏற்பாடு கொண்டுவந்தார். பதின்மூன்று வயதில் கெட்டிக்காரப் பிள்ளை ஒருவரை ஐந்து வருடத்துக்கு மாணவ ஆசிரியராக எடுத்துக்கொள்ளலாம். முதல் வருடம் அரசு 10 பவுண்டு கொடுக்கும், ஐந்தாம் வருடத்தில் அது 20 பவுண்டாக உயரும். இருபத்தைந்து பிள்ளைகளுக்கு ஒருவர். பள்ளி முடிந்தபின் தலைமையாசிரியர் அவருக்குத் தனியாகப் பாடம் எடுக்க வேண்டும், அதற்கும் கூடுதல் பணம் உண்டு. ஐந்து வருடம் முடிந்து தேர்வில் நன்றாகச் செய்தால் ராணியின் உதவித்தொகையோடு பயிற்சிக் கல்லூரிக்குப் போகலாம்.

இதைப் போன்ற நல்ல திட்டம் அந்த நூற்றாண்டில் ஏழைப் பிள்ளைகளுக்கு வேறு வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. கூலிக்காரர் வீட்டுப் பெண் கௌரவமாகச் சம்பாதிக்க, வீட்டு வேலைக்குப் போவதைத் தவிர இன்னொரு வழி முதல்முறையாகத் திறந்தது. வயதுக்கு மீறிய சுமைதான், பகலில் கற்பித்துவிட்டு இரவில் படிக்க வேண்டும். அப்படியும் அந்தக் குடும்பங்கள் அதைப் பிடித்துக்கொண்டன.

தலைமையாசிரியரைத் தேர்ந்தெடுக்கும்போது, அவருக்கு வீடு ஒன்று கட்டாயம் கொடுங்கள். சம்பளம் குறைவாக இருந்தாலும் வீடு இருந்தால் நல்லவர் நிலைப்பார். கணவன் பாடம் நடத்த மனைவி தையல் கற்பிக்கும் தம்பதியைத்தான் கிராமங்கள் விரும்பித் தேடின.

ஏழாம் படி: திங்கட்கிழமைக் காசு

பள்ளி திறந்தாகிவிட்டது. இப்போது கட்டணம், அதாவது பிள்ளை திங்கட்கிழமைதோறும் கையில் கொண்டுவரும் வாரக் காசு. இலவசமாகவே கொடுத்துவிடலாமே என்று நினைப்பீர்கள். ஹாம்ப்ஷயரில் கிங்ஸ் சொம்போர்ன் கிராமத்தில் பாதிரியாராக இருந்த ரிச்சர்டு டாஸ் அப்படி நினைக்கவில்லை. இந்த மனிதரைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும்.

1842 அக்டோபரில் அவர் தன் பள்ளியைத் திறந்தார். கூலிக்காரர் பிள்ளைக்கு வாரம் 2 பென்ஸ். பண்ணைக்காரர், கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மூன்று மாதத்துக்கு 6 ஷில்லிங். இரண்டு கூட்டமும் ஒரே அறை, ஒரே பெஞ்சு. புத்தகத்தைத் தானமாகக் கொடுக்காமல், அடக்க விலைக்கு விற்று வாங்க வைத்தார். தர்மத்துக்குக் கிடைத்த படிப்பைப் பெற்றோர் மதிக்க மாட்டார்கள், காசு கொடுத்து வாங்கியதை மதிப்பார்கள் என்பது அவர் கணிப்பு. வசதி உள்ளவன் தன் பிள்ளையை இங்கே அனுப்பும் அளவுக்குப் பாடம் தரமாக இருந்தால், அவன் கட்டும் பணத்தில் ஏழைப் பிள்ளையும் அதே பாடத்தைப் படிக்கும்.

அவர் கற்றுக்கொடுத்த பாடம் இன்னும் அழகு. அன்றாடப் பொருள்களின் அறிவியல் என்று அதைச் சொல்லலாம். ஒரே அறையில் இருக்கும் இரும்பும் மரமும் தொட்டால் ஏன் வேறுவேறாகச் சில்லிடுகின்றன? கெட்டிலில் தண்ணீர் எப்படிச் சூடாகிறது? எந்த மாதிரிப் பாத்திரத்தில் தேநீர் நேரம் கழித்து ஆறும்? வைக்கோல் போரை அளப்பது எப்படி? அடுப்படியிலும் களத்திலும் தினமும் கண்ட பொருள்தான் பாடம். மாலையில் பிள்ளை வீட்டுக்குப் போய் அம்மாவிடம் கெட்டிலைக் காட்டிப் பேசும். அந்தப் படிப்பு வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறது. ஆய்வாளர் ஹென்றி மோஸ்லி வந்து பார்த்து மனதாரப் பாராட்டி எழுதினார், அதன்பின் இந்தச் சின்னக் கிராமத்துப் பள்ளி நாடறிந்ததாயிற்று.

இதே போன்ற இன்னொருவர் சஃபோக்கில் ஹிட்சம் கிராமத்துப் பாதிரியார் ஜான் ஹென்ஸ்லோ. கேம்பிரிட்ஜில் டார்வினுக்குத் தாவரவியல் சொல்லிக்கொடுத்த அதே ஹென்ஸ்லோதான். தன் கிராமத்தில் பள்ளி தொடங்கி, கூலிக்காரர் பிள்ளைகளை வேலியோரத்தில் பூப்பறிக்க வைத்து, இதழையும் மகரந்தத் தாளையும் எண்ண வைத்து அதே தாவரவியலை அவர்களுக்கும் கற்றுக்கொடுத்தார். ஏழைப் பிள்ளைக்கு இவ்வளவு போதும் என்று அவர் கோடு கிழிக்கவில்லை.

எட்டாம் படி: பிள்ளையை வயலிலிருந்து கொண்டுவருவது

இப்போது அந்த 4 பென்ஸுக்குத் திரும்புவோம். வாரம் ஆறு நாள் காக்காய் ஓட்டினால் 24 பென்ஸ், அதாவது 2 ஷில்லிங். 1850-51-ல் ஜேம்ஸ் கேர்டு நாடு முழுக்கச் சுற்றி எடுத்த கணக்கின்படி தென் மாவட்டங்களில் ஒரு பண்ணைக் கூலிக்காரரின் வாரக் கூலி சராசரி 8 ஷில்லிங் 5 பென்ஸ். தொழிற்சாலைகள் ஆளுக்குப் போட்டி போட்ட வட மாவட்டங்களில் 11 ஷில்லிங் 6 பென்ஸ். ஆக, தெற்கே ஒன்பது வயதுப் பையன் வேலைக்குப் போனால் அப்பா கொண்டுவருவதில் கிட்டத்தட்ட கால்பங்கு வீட்டுக்கு வரும். அவன் பள்ளிக்குப் போனால் அந்த 24 பென்ஸ் நின்றுபோகும், அதோடு கட்டணம் 2 பென்ஸ் வேறு. நீங்கள் கேட்கும் கட்டணத்தைப் போலப் பன்னிரண்டு மடங்கைப் பெற்றவள் ஏற்கெனவே கொடுத்துவிடுகிறாள். வாரம் 2 பென்ஸ் கொடுக்கக்கூட இவர்களுக்கு மனமில்லையா என்று குறைபட்ட சந்தாதாரர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை.

அந்தப் பையனைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பாருங்கள். மார்ச் மாதக் குளிர், விதைத்த வயல், சுற்றிலும் ஆள் கிடையாது. கையில் மரத்தட்டை. தினைப்புனத்தில் வள்ளி கிளி ஓட்டினாளே, அதே மாதிரி தட்டித் தட்டி ஓசை எழுப்ப வேண்டும், தொண்டை கிழியக் கத்த வேண்டும். பரணில் நின்ற வள்ளியை நாம் பாட்டில் வைத்துக் கொண்டாடுகிறோம். இவன் ஈர மண்ணில் காலை முதல் இருட்டும்வரை தனியாக நின்றான். பேச்சுத் துணைக்குக்கூட யாரும் இல்லை.

காக்காய் மட்டுமில்லை. நிலத்தில் கல் பொறுக்குவது, உருளைக்கிழங்கு நடுவது, எடுப்பது, வைக்கோல் காய வைப்பது, பன்றிக்கு ஓக் கொட்டை பொறுக்குவது என்று பருவத்துக்கு ஒரு வேலை. அறுவடை முடிந்தபின் வயலில் சிந்திய கதிரைத் தாயும் பிள்ளைகளும் சேர்ந்து பொறுக்குவார்கள். அந்தத் தானியம் குளிர்காலத்தில் பல வாரம் ரொட்டியாகும். அந்த வாரங்களில் மணி அடித்தும் பயன் இல்லை. அதனால் அனுபவம் உள்ள பாதிரியார்கள் கோடை விடுமுறையை நாட்காட்டியைப் பார்த்து வைக்காமல் கோதுமையைப் பார்த்து வைத்தார்கள். கதிர் பழுக்கத் தாமதமானால் விடுமுறையும் தாமதம். கதிர் பொறுக்கி முடியும்வரை பள்ளி மூடியிருக்கும். நீங்களும் அதையே செய்யுங்கள். வயலோடு மோதினால் தோற்பீர்கள். வயலுக்கு அதன் வாரங்களைக் கொடுத்துவிட்டு மீதி வருடத்தைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது பூட்ஸ். குளிர்காலத்தில் சேற்றுப் பாதையில் இரண்டு மைல் நடக்க வேண்டிய பிள்ளைக்கு நல்ல பூட்ஸ் இல்லையென்றால் வராது. வீட்டில் ஒரு ஜோடி இருந்து, பிள்ளைகள் முறைவைத்துப் போட்டுக்கொண்டு வந்த குடும்பங்கள் உண்டு. வாரம் ஒரு பென்னி கட்டினால், பள்ளிக்கு ஒழுங்காக வரும் பிள்ளைக்கு நிர்வாகம் கொஞ்சம் சேர்த்துப் பூட்ஸோ துணியோ வாங்கித்தரும் சேமிப்புக் கிளப்புகள் பல ஊர்களில் இருந்தன. நம் ஊரில் மதிய உணவு செய்த வேலையை அங்கே ஓரளவு இந்தப் பூட்ஸ் செய்தது. இரண்டாவது பிள்ளைக்குக் கட்டணத்தைக் குறைத்தார்கள். ஈரத்தில் வந்தவர்கள் காய வைக்க அடுப்பைக் காலையிலேயே மூட்டினார்கள். சின்னச் சின்ன ஏற்பாடுகள்தான், ஆனால் வருகைப் பதிவேட்டில் பிள்ளையின் பெயருக்கு நேரே கோடு விழுவது இவற்றால்தான்.

ஒன்பதாம் படி: ஆய்வாளர் வரும் நாள்

உங்கள் பள்ளிக்கு இப்போது பதினெட்டு வயது. 1862-ல், அரசில் கல்விப் பொறுப்பு வகித்த ராபர்ட் லோ, பள்ளிகளுக்கான அரசு உதவிக்குப் புதிய விதித்தொகுப்பைக் கொண்டுவருகிறார். இனிமேல் தேர்வு முடிவைப் பார்த்துத்தான் பணம். ஒரு பிள்ளையின் வருகைக்கு 4 ஷில்லிங். வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் தேறினால் 8 ஷில்லிங், ஒன்றில் தவறினால் 2 ஷில்லிங் 8 பென்ஸ் கழியும். ஆண்டுக்கு ஒருநாள் ஆய்வாளர் வந்து ஒவ்வொரு பிள்ளையாக நிற்க வைத்துக் கேட்பார்.

விளைவு என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். கெட்டிலும் பூவும் வெளியே போய்விட்டன. அவற்றுக்குக் காசு கிடையாது. பிள்ளைகள் வாசிப்புப் புத்தகத்தை மனப்பாடம் செய்தார்கள். தேர்வு நாளில் காய்ச்சலோடு பிள்ளையைத் தூக்கி வந்த பள்ளிகளும் இருந்தன, அந்தப் பிள்ளை வராவிட்டால் ஆசிரியரின் சம்பளம் குறையும். ஆய்வாளராக இருந்த கவிஞர் மேத்யூ ஆர்னால்டு இதை வெளிப்படையாகவே எதிர்த்தார். ஒரு நல்லது மட்டும் நடந்தது: இதுவரை மந்தமானவன் என்று மூலையில் விடப்பட்ட பிள்ளைக்கும் இப்போது 8 ஷில்லிங் மதிப்பு, அவனையும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டியதாயிற்று. ஆனால் அதற்காகக் கொடுத்த விலை அதிகம் என்றே நான் சொல்வேன்.

இதே விதித்தொகுப்பு தலைமையாசிரியர் பள்ளி நாட்குறிப்பு எழுத வேண்டும் என்றும் கட்டாயமாக்கியது. அந்தக் குறிப்பேடுகள் இன்று இங்கிலாந்தின் மாவட்ட ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன. மழை, பிள்ளைகள் குறைவு. கல் பொறுக்கப் போய்விட்டார்கள். தட்டம்மை, பள்ளி மூடப்பட்டது. ஒரு கிராமத்து ஏழைப் பிள்ளைகளின் வாழ்க்கையை அறிய இதைவிட நெருக்கமான ஏடு கிடைக்காது.

பத்தாம் படி: சட்டம் துணைக்கு வருவது

இந்த இடத்திலிருந்து கதை வேகமாக நகர்கிறது. 1867-ல் எட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையைப் பண்ணைக் கூலிக் கும்பல்களில் சேர்க்கக் கூடாது என்று சட்டம் வந்தது. 1870-ல் ஃபோர்ஸ்டர் சட்டம்: பள்ளி போதாத இடங்களில் வரிப்பணத்தில் பள்ளி கட்ட வாரியம் அமைக்கலாம். மதப்பாடம் நேரத்தின் தொடக்கத்திலோ முடிவிலோதான் இருக்க வேண்டும், பிடிக்காத பெற்றோர் பிள்ளையை அதிலிருந்து விலக்கிக்கொள்ளலாம். உங்கள் ஊர் மெதடிஸ்ட் வீட்டார் இருபத்தாறு வருடம் காத்திருந்தது இதற்குத்தான். கட்டடத்துக்கான அரசு உதவியும் அத்தோடு நின்றது. வாரியம் வந்துவிடுமோ என்று பயந்த பாதிரியார்கள் கடைசிக் கெடுவுக்குள் விண்ணப்பம் போட ஓடினார்கள். இங்கிலாந்துக் கிராமங்களில் 1870-களின் தொடக்கத் தேதி பொறித்த பள்ளிச் சுவர்கள் நிறையக் கண்ணில் படுவதற்கு இது ஒரு காரணம்.

1876-ல் பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையை வேலைக்கு வைக்கத் தடை வந்தது, வயல் வேலைக்குச் சில வாரங்கள் விலக்கு தவிர. 1880-ல் ஐந்து முதல் பத்து வயது வரை பள்ளி கட்டாயம் ஆனது. 1891 செப்டம்பரிலிருந்து ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 10 ஷில்லிங் அரசே கொடுத்தது, பெரும்பாலான கிராமப் பள்ளிகளில் திங்கட்கிழமைக் காசு நின்றது. விடும் வயது 1893-ல் பதினொன்றாகவும் 1899-ல் பன்னிரண்டாகவும் ஏறியது.

பார்ஃபர்டு பையன் என்ன ஆனான் என்று சொல்லவில்லையே. ஜோசப் ஆர்ச் வேலியை வெட்டிச் சீராக்குவதில் பேர்போன தொழிலாளியானார், இரவில் தானாகவே படித்தார். 1872-ல் பண்ணைக் கூலிக்காரர்களின் சங்கத்தைக் கட்டினார். 1884-ல் கிராமத்துக் கூலிக்காரர்களுக்கு வாக்குரிமை கிடைத்தது. அடுத்த வருடமே நார்ஃபோக்கிலிருந்து அவர்கள் அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அவர் உள்ளே போய் உட்கார்ந்தபோது, ஒன்பது வயதுப் பையனைப் பள்ளியிலிருந்து நிறுத்திக் காக்காய் ஓட்ட அனுப்புவது சட்டப்படி குற்றமாகி ஐந்து வருடம் ஆகியிருந்தது.